விற்பவர் மௌனமும் வாங்குபவர் மௌனமும்

இல்லறத்தார்க்கு அருகன் அருளிய அறங்கள் ஐந்து. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறனில் விழையாமை, மிகுபொருள் விரும்பாமை என்பன அவை. இவற்றுள் கொல்லாமையைப் பற்றி நாம் பேசாத நாளில்லை. கள்ளாமையைப் பற்றியோ, 'நாம் என்ன பூட்டை உடைத்தோமா, பெட்டியைத் திறந்தோமா' என்னும் மனநிறைவோடு எளிதாகக் கடந்து போய்விடுகிறோம். அம்மனநிறைவு சரிதானா என்னும் ஐயத்தை அண்மையில் ஒரு துணிக்கடை நமக்கு உண்டாக்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் வேறொரு துணிக்கடையில் நிகழ்ந்ததொன்று நினைவிற்கு வந்து அவ்வையத்தைப் பெரிதாக்கியது. பொய்யே சொல்லாமல், கையால் எதையும் எடுக்காமல், வாய்மூடி இருப்பதனாலேயே ஒருவர் களவு செய்தவராகக் கூடுமா என்பதே நம் வினா. வாசக அன்பர்களோடு சேர்ந்து இதனை எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

பூச்சி இல்லாத பட்டு

நம் பேத்தியின் திருமணத்திற்குப் புடைவை எடுக்கக் காஞ்சிபுரம் சென்றிருந்தோம். பேத்தி பட்டு உடுத்துவதில்லை என்று உறுதி பூண்டவள். புழு தன்னைச் சுற்றிக் கட்டிய கூட்டை, அது உள்ளே உயிரோடிருக்கும்போதே வெப்பத்திலும் வெந்நீரிலும் இட்டு நூலெடுக்கின்றனர் என்பதும், பூச்சி வெளிவர விட்டால் கூடு துளைபட்டு நீண்ட இழை அறுந்துபோகும் என்பதற்காகவே அவ்வாறு செய்கின்றனர் என்பதும் நம்மவர் அறிந்தவையே. ஒரு புடைவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். பூச்சி கூட்டைத் துளைத்துப் பறந்தபின் எஞ்சிய கூட்டிலிருந்து நூற்கும் அகிம்சைப் பட்டு என ஒன்று உண்டு. ஐதராபாத்தைச் சேர்ந்த கைத்தறி அலுவலர் குசும ராஜையா அம்முறைக்குப் பெயர் பெற்றவர். அத்தகைய பட்டு கிடைத்தால் வாங்கலாம், இல்லையேல் பருத்தியே போதும் என்பது பேத்தியின் முடிவு.

மாடிகள் பல கொண்ட கடை அது. வாயிலில் வணங்கி வரவேற்றனர், குளிர்பானம் தந்தனர், நமக்கு நாற்காலி இட்டனர். புழுவைக் கொல்லாத பட்டு இருக்கிறதா என்று கேட்டோம். விற்பனையாளர் சிறிதும் தயங்காமல் ஓர் அடுக்கைக் கொணர்ந்து விரித்தார். "இதில் பூச்சியே இல்லை அம்மா, தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். பேத்தியின் முகம் மலர்ந்தது. தலா 6,000 ரூபாய் விலையில் மூன்று புடைவைகள் எடுத்தோம். ரசீதில் என்ன எழுதினர் என்று நாம் பார்க்கவில்லை.

வீட்டிற்கு வந்தபின், முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எடுத்துத் தீயில் காட்டினோம். பட்டாயின் முடி கருகும் நாற்றம் எழும். சாம்பல் விரலில் பொடியாகும். இதுவோ உருகிச் சுருண்டு, ஆறியபின் கடினமான சிறு மணியாக நின்றது. செயற்கை இழை! ரசீதை எடுத்துப் பார்த்தால் 'ஆ.சி.' என்று இரண்டே எழுத்துகள். 'ஆர்ட் சில்க்' என்பதன் சுருக்கம். அப்பெயரைக் கேட்கும் நம் பெண்களில் பலர் கலைநயம் மிக்க பட்டு என்றே பொருள் கொள்கின்றனர். உண்மையில் அது செயற்கைப் பட்டு என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் குறுக்கமாகும்.

பேத்தி சிரித்துவிட்டாள். "அவர் சொன்னது உண்மைதானே பாட்டி! இதில் பூச்சியே இல்லை" என்றாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயினும் அவள் சொன்னது நம்மை நெடுநேரம் எண்ண வைத்தது. அவ்விற்பனையாளர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் மெய். அப்படியாயின் நம் பணத்தில் பெரும்பகுதி போனது எவ்வழியில்?

களவின் இலக்கணம்

உமாசுவாமி அருளிய தத்துவார்த்த சூத்திரம் களவிற்கு மிகச் சுருங்கிய இலக்கணம் கூறுகிறது. கொடுக்கப்படாத ஒன்றைக் கொள்ளுதலே களவு என்பது அதன் கருத்து. பூட்டு, இருள், மறைவு ஆகியவற்றுள் ஒன்றுகூட அவ்விலக்கணத்தில் இல்லை. கொடுக்கப்பட்டதா இல்லையா என்பது ஒன்றே வினா.

இங்கே ஒருவர் மறுப்புரைக்கலாம். 'நீங்கள்தாமே பணத்தை எண்ணிக் கொடுத்தீர்கள்? அது எவ்வாறு கொடுக்கப்படாத பொருளாகும்?' என்று கேட்கலாம். நாமும் இதனைக் கேட்டுக்கொண்டோம். கொடுத்தல் என்பது கையின் செயல் மட்டுமன்று, உள்ளத்தின் செயலும் ஆகும். உறங்குபவன் கையிலிருந்து நழுவிய காசு அவன் கொடுத்த காசு ஆகாது. உள்ளம் எதற்காக இசைந்ததோ அதற்காகவே பொருள் கொடுக்கப்படுகிறது. நாம் 6,000 ரூபாய் கொடுத்தது அகிம்சைப் பட்டுக்கு. செயற்கை இழைக்கு அத்தொகையை நாம் கொடுக்கவே இல்லை. 1,500 ரூபாய் கொடுத்திருப்போம். எஞ்சிய 4,500 ரூபாய் நம் கையிலிருந்து சென்றதேயன்றி நம்மால் கொடுக்கப்பட்டதன்று. நாம் தவறாக எண்ணிக்கொண்டிருக்கிறோம் என்பதை எதிரில் நின்றவர் அறிந்திருந்தார். அறிந்தும் வாய் திறவாதிருந்தார். அவர் கொண்டது கொடுக்கப்படாத பொருளே என்பது நம் துணிபு.

ஆசாரியர்கள் கள்ளாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது விரதத்திற்கு மாசு தரும் மீறல்களை, எடுத்தோதியுள்ளனர். களவு செய்யப் பிறரைத் தூண்டுதல், களவுப் பொருளை வாங்குதல், அரசு நெறிக்கு மாறாக வாணிகம் நடத்துதல், அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் வைத்தல், போலியை மெய்ப்பொருள்போல் விற்றல் என்பன அவை. சமந்தபத்திரர் தம் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் இவற்றைச் சிறு வேறுபாட்டோடு கூறுகிறார். அந்நூலைத் தழுவிய அருங்கலச்செப்பு வாயிலாக இக்கருத்துத் தமிழிலும் வழங்கி வருகிறது. இவ்வைந்தனுள் நான்கு கடைத்தெருவைச் சேர்ந்தவை என்பதை வாசகர்கள் நோக்க வேண்டும். கன்னக்கோல் ஏந்திய கள்வனை மட்டும் நம் ஆசாரியர்கள் எண்ணவில்லை. முழக்கோலும் துலாக்கோலும் ஏந்திய நம்மையும் எண்ணியே அவர்கள் விதி வகுத்தனர்.

முழக்கோல் என்றவுடன் இளமைக்கால நினைவொன்று வருகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மெட்ரிக் அளவைகள் நாட்டில் படிப்படியாக நடைமுறைக்கு வந்த காலம் அது. ஊர்க் கடைகளில் 36 அங்குலக் கெஜக்கோல் இன்னும் வழக்கொழியவில்லை. துணியைக் கோலோடு சேர்த்து இறுக்கி இழுத்து அளந்தால் கெஜத்திற்கு ஓர் அங்குலம் கடைக்காரருக்கு மிச்சம். தளர விட்டு அளந்தால் வாங்குபவருக்கு நிறைவு. நம் பாட்டி கடைப்பலகையின்மேல் கையை ஊன்றிக்கொண்டு, "இழுக்காமல் அளப்பா" என்பார். அந்த ஓர் அங்குலத்தில் அறமும் மறமும் இருந்தன. பின்னர் நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, மெட்ரிக் அளவைகளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் துணிக்கடைக் கணக்குகளையே மிகுதியாகப் பயன்படுத்தக் கற்றோம். அக்கணக்குகளில் வந்த கடைக்காரர் எவரும் துணியை இழுத்து அளந்ததில்லை. அது கணக்கின் குறையன்று. நம் கற்பித்தலின் குறை எனலாம்.

சொல்ல வேண்டுவதும் வேண்டாததும்

வணிகர்கள் தரப்பையும் நாம் கேட்க வேண்டும். நம் உறவினருள்ளும் கடை வைத்திருப்போர் உண்டு. அவர்கள் கூறுவது: 'எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தால் கடையை மூட வேண்டியதுதான். அடுத்த தெருவில் 50 ரூபாய் குறைவு என்பதையும் சொல்ல வேண்டுமா? அடுத்த வாரம் ஆடித் தள்ளுபடி என்பதையும் சொல்ல வேண்டுமா? வாங்குபவருக்குக் கண்ணில்லையா?'

இது புறக்கணிக்கத் தக்க வினா அன்று. நாம் எண்ணியவரையில் இங்கே ஒரு கோடு கிழிக்க இயலும். பொருளினுள்ளே கிடப்பது ஒன்று. பொருளுக்குப் புறத்தே கிடப்பது மற்றொன்று. இழை எது, சாயம் நிற்குமா, சரிகை மெய்யா, அளவு முழுமையா, மடிப்பினுள் கிழிசல் உண்டா என்பன பொருளினுள்ளே கிடப்பவை. அவற்றை வாங்குபவர் கண்ணால் காண இயலாது. மெய்ச்சரிகையில் செந்நிறமேற்றிய பட்டிழையின்மீது வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசுவர். சுரண்டிப் பார்த்தாலன்றி உள்ளிழையின் நிறம் தெரியாது. கடையில் எந்தப் பெண் புடைவையைச் சுரண்டிப் பார்ப்பாள்? எனவே விற்பவரின் சொல் ஒன்றே அவளுக்குக் கண்ணாகிறது. பிறர்க்குக் கண்ணாக நிற்பவர் கண்ணை மூடிக்கொள்ளலாகாது.

அடுத்த கடையின் விலையும், அடுத்த வாரத்தின் தள்ளுபடியும் பொருளுக்குப் புறத்தே உள்ளவை. நாலு கடை ஏறி இறங்கினால் அவற்றை எவரும் அறியலாம். அவற்றைத் தாமே எடுத்துச் சொல்லும் கடமை வணிகர்க்கு இல்லை. கேட்டால் மட்டும் பொய் சொல்லலாகாது. சொன்னால் அது கடமைக்கும் மேலான பெருந்தன்மை.

உள்ளே கிடப்பதைக் கண்ணால் அறிய இயலாமையினாலேயே முத்திரைகள் தோன்றின. மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004ஆம் ஆண்டில் பட்டு முத்திரையும், 2006ஆம் ஆண்டில் கைத்தறி முத்திரையும் வந்தன. விசைத்தறி நெய்ததைக் கைத்தறி என்று விற்பதனால் நெசவாளர் குடும்பங்கள் அடையும் இழப்பைத் தடுக்க, சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் 1985ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. போலியை மெய்யென்று விற்கும்போது வாங்குபவர் மட்டும் இழப்பதில்லை. தறிக்குழியில் கால் வைத்து உழைத்தவரும் இழக்கிறார். இவ்வளவு முத்திரைகள் தேவைப்பட்டன என்பதே, மனிதர் வாய்ச்சொல் எவ்வளவு மலிந்துபோயிற்று என்பதற்குச் சான்றாகும்.

இன்னொரு வாதமும் கேட்டோம். நம் சமயத்தையே துணைக்கழைக்கும் வாதம் அது. 'ஒரு பொருளைப் பல நோக்கில் காணலாம் என்பதன்றோ அனேகாந்தம்? ஒரு நோக்கில் இதுவும் பட்டுத்தான்' என்றார் நமக்கு நெருங்கிய ஒருவர், வேடிக்கையாக. வேடிக்கையாயினும் விடை கூற வேண்டும். எந்த நோக்கில் கூறுகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்வதே சியாத்வாதம். ஒரு நோக்கில் கூறி, கேட்பவர் வேறொரு நோக்கில் கொள்ளுமாறு விடுவது மாயை. குரோதம், மானம், மாயை, லோபம் என்னும் நான்கு கஷாயங்களுள் வைத்து நம் முன்னோர் எண்ணிய அதே மாயைதான் அது.

அறுவை வணிகனின் கற்படுக்கை

மதுரைக்கு அருகில் அழகர்மலையில் ஒரு குகைத்தளம் உண்டு. சமண முனிவர்கள் தங்குவதற்கென வெட்டிய கற்படுக்கைகள் அங்கே உள்ளன. அவற்றை ஒட்டிச் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் உப்பு வணிகன், கொழு வணிகன் ஆகியோரோடு அறுவை வணிகன் ஒருவனும் குறிக்கப்படுகிறான். அறுவை என்பது துணி. உடை துறந்த முனிவர்க்குத் துணி விற்பவன் செய்த தொண்டு அது!

அக்கல்வெட்டை எண்ணும்போதெல்லாம் நமக்கு ஒரு வினா எழும். அவ்வணிகன் கொடுத்த பொருள் எவ்வாறு ஈட்டப்பட்டிருக்கும்? இழுத்து அளந்து மிச்சம் பிடித்த பொருளால் வெட்டிய படுக்கையில் முனிவர் துயில்வரோ? அவன் அறவழி ஈட்டியவனாகவே இருந்திருப்பான் என்று நம்புகிறோம். இன்றும் நம் ஆலயங்களில் விளக்கிற்கும் அபிடேகத்திற்கும் பொருள் தருவோரை நாம் போற்றுகிறோம். அப்பொருள் வந்த வழியைக் கேட்பது நாகரிகமன்று எனக் கருதி விட்டுவிடுகிறோம். கொடுப்பவர் தமக்குத் தாமே அதனைக் கேட்டுக்கொள்ளலாம் அன்றோ?

கிடைத்த இலாபத்தையே வேண்டாமென விடுத்தவரும் நம்மிடையே இருந்தனர். 1867 முதல் 1901 வரை வாழ்ந்த ஸ்ரீமத் ராஜசந்திரர் மும்பையில் மணி வணிகம் செய்தவர். காந்தியடிகள் தம் ஆன்மிக வளர்ச்சிக்குத் துணைநின்றவராகப் போற்றியவர். ஒரு வணிகர் அவரிடம் குறித்த விலைக்கு மணிகள் தர ஒப்பந்தம் செய்திருந்தாராம். விலை திடீரென ஏறிவிட்டது. ஒப்பந்தத்தை நிறைவேற்றினால் அவ்வணிகர் குடும்பம் அழிந்துவிடும். ராஜசந்திரர் அவரைத் தேடிச் சென்று ஒப்பந்தத் தாளைக் கிழித்தெறிந்தார் என்று நம்மவரிடையே ஒரு செய்தி வழங்குகிறது. சட்டம் கொடுத்ததைக்கூட, கொடுப்பவர் உள்ளம் நொந்து கொடுப்பதாயின் கொள்ள மறுத்த உள்ளம் அது.

இத்தகைய பெரியோரோடு ஒப்பிட வேண்டாம். எளிய ஒருவரைக் கூறுவோம். நாம் பணியாற்றிய சிற்றூரில் ஒரு சிறு துணிக்கடை இருந்தது. பணிமாறுதல் பெற்று அவ்வூரை விட்டு நீங்கும் வாரத்தில், வகுப்பின் ஏழைப் பிள்ளைகள் நால்வர்க்குச் சீருடைத் துணி எடுக்கச் சென்றோம். நீலத் துணி ஒன்றைத் தேர்ந்தோம். கடைக்காரர் அதை மடித்து ஒதுக்கிவிட்டு, "டீச்சரம்மா, இது முதல் சலவையிலேயே வெளுத்துவிடும். பிள்ளைகளுக்கு ஆண்டு முழுதும் தாங்காது. இதை எடுங்கள்" என்று விலை குறைந்த வேறொன்றைக் காட்டினார். நாம் ஊரை விட்டுப் போவது அவருக்குத் தெரியும். இனி நாம் அக்கடைக்கு வரப்போவதில்லை என்பதும் தெரியும். நாணயம் என்பது வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் தந்திரமே என்று சிலர் கூறுவதுண்டு. மீண்டும் வாராத வாடிக்கையாளரிடம் காட்டும் நாணயத்திற்கு அவ்விளக்கம் பொருந்தாது. அவர் அறநூல் கற்றவரல்லர். ஆயினும் சிராவகர்க்குரிய விரதத்தைக் கைக்கொண்டவர்.

நம் மௌனம்

இவ்வளவும் எழுதிய கை, இனி எழுதுவதற்குத் தயங்குகிறது. ஆயினும் எழுதியே ஆக வேண்டும்.

செயற்கைப் பட்டைக் கண்டறிந்த அன்றிரவு, கடும் சினத்தோடு அப்புடைவைகளை அலமாரியில் வைத்தோம். அங்கே அடித்தட்டில் ஒரு பச்சை நிறப் பருத்தித் துணி மடித்துக் கிடந்தது. அதனைக் கண்டதும் சினம் அடங்கிவிட்டது.

சில ஆண்டுகள் முன்னர் நம் ஊர்க் கடைத்தெருவில் வாங்கிய துணி அது. விற்பனையில் நின்றவள் இருபது வயதுகூட நிரம்பாத பெண். காலைமுதல் நின்று களைத்திருந்தாள். நாம் கேட்ட நிறம் அமையவில்லையென்று பத்துப் பதினைந்து சுருள்களை விரிக்கச் செய்தோம்; முகம் சுளிக்காமல் விரித்தாள். இரண்டரை மீட்டர் வெட்டிக் கொடுத்தாள். கையால் ரசீது எழுதியபோது ஒன்றரை மீட்டர் என்று எழுதிவிட்டாள். மீட்டர் 180 ரூபாய். வீட்டில் கணக்குப் பார்த்தபோது அப்பிழையைக் கண்டோம்.

உடனே திரும்பிச் சென்றிருக்க வேண்டும். செல்லவில்லை. முழங்கால் வலி என்றோம், வெயில் என்றோம், அடுத்தமுறை கடைத்தெருவிற்குப் போகும்போது கொடுத்தால் ஆயிற்று என்றோம். 'அவ்வளவு பெரிய கடைக்கு 180 ரூபாய் ஒரு பொருட்டா' என்றும் உள்ளத்தின் ஒரு மூலை சொல்லியது. ஒன்பதாம் நாள் சென்றோம்.

கல்லாவில் இருந்தவர் பணத்தைப் பெற்றுக்கொண்டு, "உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் அம்மா மழை பெய்கிறது" என்றார். அப்பெண் எங்கே என்று கேட்டோம். அன்றிரவே அத்துணிச் சுருள் தீர்ந்து கணக்குப் பார்த்தபோது ஒரு மீட்டர் குறைந்ததாம். தெரிந்தவர் யாருக்கோ கூடுதலாக வெட்டிக் கொடுத்துவிட்டாள் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டிருக்கின்றனர். தொகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டனர். மறுநாள் முதல் அவள் வேலைக்கு வரவில்லை. எந்த ஊர் என்று கேட்டோம். பேருந்தில் வருபவள் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

நாணயமானவர் என்னும் புகழ் நமக்கு. கள்ளி என்னும் பழி அவளுக்கு! நாம் ஒரு காசும் எடுக்கவில்லை. ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஒன்பது நாள் வாய்மூடி இருந்தோம், அவ்வளவே. அந்த ஒரு மீட்டர் துணி நமக்குக் கொடுக்கப்படாத பொருள். அறிந்த கணம் முதல் அது நம் வீட்டில் களவுப் பொருளாகவே இருந்தது. அதைவிடக் கொடிது, நம் சோம்பல் ஓர் ஏழைப் பெண்ணின் பெயரைத் தின்றதாகும். கவனமின்மையால் பிற உயிர்க்கு ஊறு விளைத்தலே இம்சை என்று அதே சூத்திரம் கூறும். கள்ளாமையில் தவறிய இடத்தில் கொல்லாமையிலும் தவறினோம்.

அத்துணியைத் தைக்க மனம் வரவில்லை. அவளுக்குப் பிடித்தம் செய்த தொகையைத் தனியே ஓர் உறையிலிட்டு, அவள் என்றேனும் வந்தால் கொடுக்குமாறு கடையில் வைத்தோம். அது அவளைச் சேர்ந்ததா என்பதை இன்றளவும் அறியோம்.

நிற்பவரும் அமர்ந்திருப்பவரும்

இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே கடையில் நிற்பவர்களைக் கண் திறந்து பார்க்கத் தொடங்கினோம். துணிக்கடையில் பணிபுரியும் பெண்கள் நாள் முழுதும் உட்கார அனுமதியின்றி நின்றுகொண்டே இருந்தனர் என்பதை நாம் ஒரு நாளும் எண்ணியதில்லை. கேரளத்தில் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் பணிபுரிந்த பெண்கள் தொடங்கிய போராட்டத்தின் பயனாக 2018ஆம் ஆண்டில் அம்மாநிலம் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாட்டிலும் 2021ஆம் ஆண்டில் கடைகள் சட்டம் திருத்தப்பட்டு இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. ஒரு மனிதர் உட்காருவதற்குச் சட்டம் வேண்டியிருந்தது! கருணையைச் சமயமாகக் கொண்ட நாம், அக்கடைகளில் நாற்காலியிட்டு அமர்ந்து, நிற்பவளைப் பார்த்து 'அதை எடு, இதை விரி' என்று கூறி வந்தோம்.

பல கடைகளில் ஒரு பலகை தொங்கும். வாடிக்கையாளரே நம் கடைக்கு வரும் மிக முக்கியமான விருந்தினர் என்னும் கருத்தமைந்த வாசகம் அதில் காந்தியடிகள் பெயரால் எழுதப்பட்டிருக்கும். அவருடைய எழுத்துகளில் தேடியோர்க்கு அது கிடைக்கவில்லை. 1940களில் அமெரிக்க வணிகர் ஒருவரின் கூற்றாக அச்சான வாசகத்தோடு அது ஒத்திருக்கிறது. வாய்மையே கடவுள் என்றவரின் பெயரால் அவர் கூறாத ஒன்று சுவரில் தொங்குகிறது. நம்மை மதிக்கும் வாசகம் என்பதால் நாமும் அதனை ஆராயாமல் ஏற்றுக்கொண்டோம். பணிவு, புன்னகை, குளிர்பானம் ஆகியவை எல்லாம் நல்லவையே. ஆனால் மெய் இல்லாத இடத்தில் அவை தூண்டில் இரையாகின்றன. நம் நீலத்துணிக் கடைக்காரர் நமக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. மெய்யைக் கொடுத்தார்.

நம் அறநூல்கள் வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்றாகப் பகுத்துக் காண்கின்றன. 'ஆ.சி.' என்று எழுதிய கை ஊழியருடையது. அவ்வாறு எழுதப் பணித்தவர் முதலாளி. உண்மையான பட்டு இவ்விலைக்குக் கிடைக்காது என்று உள்ளூர அறிந்தும், மலிவுக்கு ஆசைப்பட்டுக் கேள்வி கேளாமல் வாங்கும் நாம் உடன்பட்டவர். வினைப்பயன் மூவர்க்கும் உண்டு. ஆகவே கல்லாவிற்குப் பின்னால் இருப்பவரை மட்டும் கள்வர் என்று எழுத நமக்குத் தகுதியில்லை.

செய்யத் தக்கது

மறுவாரம் பேத்தியோடு அப்பெருங்கடைக்கு மீண்டும் சென்றோம். விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று ரசீதில் அச்சிட்டிருப்பதை மேற்பார்வையாளர் சுட்டிக்காட்டினார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 சூலையில் நடைமுறைக்கு வந்துள்ளது. குறையுள்ள பொருளை, ரசீதில் குறித்த காலத்திற்குள்ளோ, காலம் குறிக்காவிடின் 30 நாளுக்குள்ளோ திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்று அது கூறுகிறது. பேத்தி அதனை எடுத்துரைத்தாள். நாம் குரலை உயர்த்தவில்லை. முன்பாயின் உயர்த்தியிருப்போம். நமக்கு விற்ற இளைஞர் தலைகுனிந்து நின்றார். அவர் சம்பளத்தில் எதுவும் பிடிக்கலாகாது என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். நெடிய பேச்சிற்குப் பின் அதே தொகைக்குப் பருத்திப் புடைவைகளை மாற்றிக் கொடுத்தனர். திரும்பும் வழியில், வேகவதிக்கு அப்பால், பருத்தியைத் தன் பெயரிலேயே தாங்கிய திருப்பருத்திக்குன்றத்தில் இறங்கி அருகனை வணங்கி வந்தோம்.

ஆண்டுதோறும் தசலட்சணப் பருவத்தில் நாம் உத்தம ஆர்ஜவத்தைப் பற்றிச் சொற்பொழிவு கேட்கிறோம். நினைவும் சொல்லும் செயலும் ஒரே நேர்க்கோட்டில் நிற்றலே ஆர்ஜவம். பருவ நிறைவில் ஒருவரையொருவர் மன்னிப்பு வேண்டுகிறோம். பெரும்பாலும் உறவினரிடமும் நண்பரிடமும் வேண்டுகிறோம். அவர்களோ முன்னரே நம்மை மன்னித்தவர்கள். இவ்வாண்டு முதல் அந்நாளில் வேறொன்றும் செய்யலாமென எண்ணுகிறோம். வீட்டிலுள்ள ரசீதுகளை எடுத்துப் பார்ப்போம். நமக்குக் கொடுக்கப்படாதது ஏதேனும் நம்மிடம் தங்கியிருக்கிறதா என்று காண்போம். இருந்தால், முழங்கால் வலித்தாலும் அன்றே நடப்போம். கடை வைத்திருக்கும் அன்பர்கள் தம் அடுக்குகளைப் பார்த்து, பெயர் ஒன்றும் பொருள் வேறுமாக எதுவும் உள்ளதா என்று காண்பாராக. தம் ஊழியரை அழைத்து, 'தெரிந்ததைச் சொல். விற்பனை குறைந்தால் உன்னைக் கேட்கமாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்வாராக. அவ்வொரு வார்த்தை ஒரு நாள் உண்ணாநோன்பிற்குக் குறைந்ததன்று.

பேருந்தில் வந்துபோன அப்பெண் இவ்விதழைப் படிக்கப்போவதில்லை. அவள் பெயரைக்கூட நாம் கேட்டறியவில்லை. பெயரறியா அவளிடம் இவ்வெழுத்தின் வாயிலாக மன்னிப்பு வேண்டுகிறோம்.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!